ஞாயிறு ஆராதனையும் வார இறுதிப் பயணமும்: மதுரை வாசகியின் கேள்விக்குப் பதில்

கேள்வி:

எனக்கு 39 வயது. மதுரையில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். என் கணவர் தனியார் நிறுவனமொன்றின் கணக்குப் பிரிவில் இருக்கிறார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவருக்கு விடுமுறை. மகனுக்கு 13 வயது, மகளுக்கு 9 வயது. கணவரின் தாயார், 71 வயது, எங்களுடன் இருக்கிறார். நாங்கள் தலைமுறைகளாக ஆலயத்தோடு ஒட்டி வாழ்ந்து வரும் கிறிஸ்தவக் குடும்பம். ஞாயிறுகளில் பிள்ளைகளுக்கு வேதம் கற்பிக்கும் ஓய்வுநாள் பள்ளியில் நான் பாடம் நடத்துகிறேன்.

கடந்த இரண்டு ஆண்டுகளாக என் கணவர் வெள்ளிக்கிழமை இரவில் வந்து, "நாளைக் காலையில் கிளம்புகிறோம்" என்று சொல்லிவிடுகிறார். கொடைக்கானல், மேகமலை, மூணாறு, குற்றாலம் என்று மாதத்தில் இரண்டு மூன்று வாரம் போய்விட்டு, ஞாயிறு இரவு நேரங்கழித்துத்தான் திரும்புகிறோம். ஆராதனை போய்விடுகிறது, குடும்ப ஜெபமும் நின்றுவிட்டது. மாடியில் நாற்பது பைகளில் நான் வளர்க்கும் காய்கறித் தோட்டம் வாடிப்போகிறது. நாங்கள் இல்லாத நாள்களில் அத்தை வாளியில் தண்ணீர் சுமந்து படியேறிச் செடிகளுக்கு ஊற்றுகிறார். வேண்டாம் என்றாலும் கேட்பதில்லை. செலவும் கட்டுக்குள் இல்லை.

சபை கூடிவருதலை விட்டுவிடக் கூடாது என்ற வசனத்தை எடுத்துக் காட்டினால், ஒரு வார்த்தையும் பேசாமல் எழுந்து போய்விடுகிறார். ஒருமுறை, "உனக்கு என்னைவிடச் செடிதான் பெரிது, கோயில்தான் பெரிது" என்று சொன்னார். முன்பெல்லாம் அவர் இப்படி இல்லை. விளைச்சலைக் காணிக்கையாகப் படைக்கும் அறுப்பின் பண்டிகையில் ஏலம் விடுவதே அவர்தான். இரண்டு ஆண்டுகளுக்கு முன், சபை நிர்வாகத்தைக் கவனிக்கும் சேகரக் கமிட்டித் தேர்தலில் ஏதோ மனக்கசப்பு ஏற்பட்டது. வீட்டில் அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை. இனி அவர் விருப்பப்படி அவர் போகட்டும், நான் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஆலயத்திற்குப் போய்விடலாம் என்று தோன்றுகிறது. அது சரியா?

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் பயணமும் தோட்டமும் அத்தையும் செலவும் விரிவாக வருகின்றன. சேகரக் கமிட்டித் தேர்தலைப் பற்றி மட்டும் கடைசியில் ஒரே வரியில் எழுதி நகர்ந்துவிட்டீர்கள். நான் அந்த வரியிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. தேர்தல் நடந்து இரண்டு ஆண்டுகள். பயணங்கள் தொடங்கியும் இரண்டு ஆண்டுகள். இந்த இரண்டையும் நீங்களே எழுதியிருந்தும், ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

அறுப்பின் பண்டிகையில் ஏலம் விடுவது எல்லாருக்கும் வாய்க்கிற வேலை அல்ல. பீடத்தின் முன் குவிந்திருக்கும் பூசணிக்காயையும் வாழைத்தாரையும் கரும்பையும் கோழியையும் ஒவ்வொன்றாகக் கையில் தூக்கிக் காட்டி, யார் கேட்டால் யார் போட்டிக்குக் கேட்பார் என்று தெரிந்து, கடையில் சாதாரண விலைக்குக் கிடைக்கும் ஒரு தேங்காயைச் சிரிப்பும் உற்சாகமுமாகப் பல மடங்கு விலைக்கு ஏற்றிவிட வேண்டும். அதற்குக் குரல் மட்டும் போதாது. சபையார் ஒவ்வொருவரின் பெயரும் குணமும் தெரிந்திருக்க வேண்டும். தான் கேலி செய்தால் அவர்கள் கோபிக்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையும் வேண்டும். அந்த உரிமையோடு நடுவில் நின்ற ஒருவருக்கு, தேர்தலுக்குப் பிறகு அதே முகங்களில் யார் தன் பக்கம், யார் எதிர்ப்பக்கம் என்று பார்க்கும் நிலை வந்திருக்கும். ஆராதனை ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆராதனை முடிந்து வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் ஸ்தோத்திரம் சொல்லி நலம் விசாரிக்கும் அந்தப் பத்து நிமிடங்களைக் கடப்பதுதான் இப்படிப்பட்டவர்களுக்குப் பெரும்பாடு. சபைத் தேர்தல்கள் உறவினர்களையே இரண்டு அணிகளாகப் பிரித்துவிடுவதை நம் ஊர்களில் எல்லாரும் பார்த்திருக்கிறோம். அதில் காயப்பட்டவர்கள், பெரும்பாலும் அந்தக் காயத்தைச் சொல்லாமல், ஆலயத்திலிருந்து மெல்ல ஒதுங்குகிறார்கள் என்பதை என் ஆலோசனை அறையில் நான் தொடர்ந்து பார்த்து வருகிறேன்.

உள்ளூரில் இருந்துகொண்டு ஆலயத்திற்குப் போகாவிட்டால் தாயார் கேட்பார், நீங்கள் கேட்பீர்கள், பிள்ளைகள் கேட்பார்கள், பக்கத்து வீட்டாரும் கேட்பார்கள். வெளியூர் போய்விட்டால் யாரும் கேட்கமாட்டார்கள். உங்கள் கணவருக்கு வார இறுதிப் பயணம் அப்படியொரு கௌரவமான காரணமாக அமைந்திருக்கலாம். இதை நான் ஒரு கடிதத்தை வைத்துத்தான் சொல்கிறேன். சரியா தவறா என்பதை அவரிடமிருந்துதான் நீங்கள் அறிய வேண்டும். ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். அவர் நண்பர்களோடு போகவில்லை, தனியாகவும் போகவில்லை. உங்களையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டுதான் போகிறார். ஓர் இடத்தை விட்டு விலகும்போதும் குடும்பத்தைப் பிடித்துக்கொண்டே விலகுகிற மனிதரோடு பேச வழி இருக்கிறது.

ஆனால் நீங்கள் இப்போது பேசும் முறையில் அந்த வழி திறக்காது. நான் போதகர் அல்ல, வசனத்திற்கு விளக்கம் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஒரு குடும்ப நல ஆலோசகராக மட்டும் சொல்கிறேன்: கணவன் மனைவி வாக்குவாதத்திற்கு நடுவே வசனத்தை எடுத்து வைத்தால், எதிரில் இருப்பவர் உங்களுக்குப் பதில் சொல்வதாக இருந்தால் தேவனுக்கே எதிர்வாதம் செய்தாக வேண்டும். அதற்குத் துணியாதவர் எழுந்துதான் போவார். அவர் எழுந்து போவதில் அலட்சியத்தைவிடப் பயபக்திதான் அதிகம் இருக்கலாம். தம்பதியரின் சச்சரவுகளைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன், திருமண உறவை அரிக்கும் நான்கு பழக்கங்களாகக் குறை கூறுதல், இகழ்தல், தற்காப்பு வாதம், வாய் மூடி விலகிவிடுதல் ஆகியவற்றைக் குறிப்பிடுகிறார். முதலாவதில் தொடங்கி நான்காவதில் முடிகிற ஒரு தடத்தில் உங்கள் பேச்சு சென்றுகொண்டிருக்கிறது. நீங்கள் காட்டும் எபிரெயர் நிருபத்தின் அந்த வசனத்திற்கு முந்தைய வசனத்தையும் ஒருமுறை அமைதியாக வாசித்துப் பாருங்கள்; அன்புக்கும் நற்செயல்களுக்கும் ஏவப்படும்படி ஒருவரையொருவர் கவனிக்கச் சொல்கிறது அது. சபை கூடிவருவதைப் பற்றிய வார்த்தை அந்தக் கவனிப்பைத் தொடர்ந்துதான் வருகிறது.

ஆகவே முதல் வேலை, தேர்தல் சமயத்தில் அவருக்கு என்ன நடந்தது என்று கேட்பது. வெள்ளிக்கிழமை இரவு கேட்காதீர்கள். காரில் போகும்போதும், அத்தை முன்னிலும், பிள்ளைகள் முன்னிலும் கேட்காதீர்கள். வாரத்தின் நடுவில், செவ்வாயோ புதனோ, மாலையில் நீங்கள் செடிகளுக்குத் தண்ணீர் விடும்போது அவரையும் மாடிக்கு அழையுங்கள். நேருக்கு நேர் உட்கார்ந்து பேச வராத ஆண்கள் பலர், கைக்கு ஒரு வேலை இருந்தால் பேசிவிடுகிறார்கள். "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி கமிட்டி எலெக்‌ஷன்ல உங்களுக்கு என்ன ஆச்சுன்னு நான் இதுவரைக்கும் கேட்கவே இல்ல. கேட்டிருக்கணும். இப்ப சொல்றீங்களா?" என்ற அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள். அதோடு "அதுக்காகக் கோயிலுக்கு வராம இருக்கலாமா" என்பதைச் சேர்த்துவிட்டால், கேள்வி மறுபடியும் குற்றச்சாட்டாகிவிடும்.

அவர் பேசத் தொடங்கினால், நீங்கள் செய்ய வேண்டியது மிகக் குறைவு. போதகருக்காகவோ எதிரணியினருக்காகவோ பரிந்து பேசாதீர்கள். "அவங்க அப்படி நினைச்சிருக்க மாட்டாங்க" என்று சமாதானம் சொல்லாதீர்கள். மன்னித்துவிடச் சொல்லி அவசரப்படுத்தவும் வேண்டாம். மன்னிப்பு வேண்டியதுதான், ஆனால் காயம் என்னவென்று யாரும் கேட்டுக்கொள்ளாமல் கோரப்படுகிற மன்னிப்பு காயப்பட்டவரை இன்னும் தனிமைப்படுத்தும். யார் பெயரைச் சொன்னாலும் அந்தப் பெயரோடு அடுத்த வாரம் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் போய்ப் பேசமாட்டீர்கள் என்ற உறுதி அவருக்கு வேண்டும். முதல் நாள் ஒன்றும் சொல்லாமல் ஓஸ் குழாயைப் பிடித்தபடி நின்றாலும், கேள்வி அவரைச் சென்றடைந்துவிட்டது என்று கொள்ளுங்கள். சில வாரங்கள் கழித்து அவராகவே ஏதாவது ஒரு சம்பவத்தைச் சொல்ல ஆரம்பிக்கலாம்.

இனி பயணத்தைப் பற்றி. வெளியூர் போவது விசுவாசத்திற்கு விரோதமானது என்ற எண்ணம் உங்கள் வரிகளுக்கிடையே தெரிகிறது. இதில் நான் உங்களோடு உடன்படவில்லை. வருவோரும் போவோருமாகக் கூட்டம் பெருகி, சாப்பிடக்கூட நேரமில்லாமல் இருந்த சீடர்களை, தனியான ஓர் இடத்திற்கு வந்து சற்றே இளைப்பாறும்படி இயேசு அழைத்ததை மாற்கு சுவிசேஷத்தின் ஆறாம் அதிகாரத்தில் உங்கள் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு நீங்களே கற்பித்திருப்பீர்கள். உங்கள் கணவர் அடிக்கடி போகும் கொடைக்கானலின் வரலாறும் இதற்குப் பொருத்தமானது. மதுரைச் சமவெளியின் வெயிலிலும் நோய்களிலும் அவதிப்பட்ட அமெரிக்க மதுரை மிஷனின் ஊழியர்கள், உடல் தேறவும் ஓய்வெடுக்கவும் 1845-இல் அந்த மலையில் வீடு கட்டிக் குடியேறியதிலிருந்துதான் இன்றைய கொடைக்கானல் நகரம் வளர்ந்தது. இந்தப் பகுதியில் பள்ளிகளையும் ஆலயங்களையும் நிறுவியவர்களுக்கே மலையேறி இளைப்பாறும் தேவை இருந்திருக்கிறது.

தவறு பயணத்தில் இல்லை, அது முடிவு செய்யப்படும் விதத்தில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை இரவில் ஒருவர் அறிவிக்க, மற்ற நால்வரும் அதன்படி நடக்கிறார்கள். அத்தையைப் பொறுத்தவரை அறிவிப்புகூட இல்லை என்றே படிக்கிறேன். ஆகவே ஒவ்வொரு மாதமும் தொடங்குவதற்கு முன் இருவரும் நாள்காட்டியை வைத்துக்கொண்டு உட்காருங்கள். திருவிருந்து ஆராதனை உள்ள ஞாயிறும், உங்களுக்குப் பாடம் நடத்தும் முறை வருகிற ஞாயிறுகளும் முதலில் குறிக்கப்படட்டும். பிறகு அவர் விரும்பும் பயணத்திற்கு ஒரு முழு வார இறுதியை மனமாரக் கொடுங்கள். "வேறு வழியில்லாமல் வருகிறேன்" என்ற முகத்தோடு காரில் ஏறினால், கொடுத்ததாகவே ஆகாது. முன்கூட்டித் திட்டமிடுவதற்கு நடைமுறைக் காரணமும் இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் செல்ல இ-பாஸ் நடைமுறைக்கு வந்தது. 2025 கோடையில் வார இறுதி நாள்களில் கொடைக்கானலுக்கு 6,000 வாகனங்கள் என்று வரம்பும் விதிக்கப்பட்டது. கோடைக்காலத்தில் வெள்ளி இரவில் எடுக்கிற முடிவை நம்பி மலையேற முடியாது என்பதை ஒரு கணக்கர் எளிதில் ஒப்புக்கொள்வார்.

மற்ற வாரங்களில் அவருக்கு வெளியே போக வேண்டும் போலிருந்தால் சனிக்கிழமை ஒரு நாள் போதும். பதினெட்டு கொண்டை ஊசி வளைவுகள் ஏறிச் சிறுமலைக்குப் போய் மாலையில் இறங்கிவிடலாம். மழைக்காலமென்றால் வாடிப்பட்டிக்கு அருகில் குட்லாடம்பட்டி அருவி இருக்கிறது; அனுமதி உண்டா என்று விசாரித்துவிட்டுப் போங்கள். அழகர்மலைக்கு அரை நாளே அதிகம். பிள்ளைகள் திங்கட்கிழமை வகுப்பில் தூங்கி விழாமல் இருப்பார்கள். ஆசிரியையான உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

முழு வார இறுதிப் பயணங்களில், ஞாயிற்றுக்கிழமையை வேறோர் ஊர் ஆலயத்தில் தொடங்கும் வழக்கத்தைக் கொண்டுவாருங்கள். நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது இதைத்தான். குற்றாலம் வரை போகிறவர்களுக்குத் திருநெல்வேலிச் சீமை தொலைவில்லை. மிஷனரியும் தமிழறிஞருமான கால்டுவெல் 1841-இல் போய்ச் சேர்ந்து, தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்து, 1880-இல் பிரதிஷ்டை கண்ட ஆலயத்தைக் கட்டிய இடையன்குடி அங்கே இருக்கிறது. அவர் 1891-இல் காலமானது உங்கள் கணவருக்குப் பிடித்த கொடைக்கானலில். அடக்கம் செய்யப்பட்டதோ இடையன்குடி ஆலயத்திலேயே. களக்காட்டிற்கு அருகில், மிஷனரியான ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1901-இல் வந்து தங்கி, கைவிடப்பட்ட பிள்ளைகளுக்காக உழைத்த டோனாவூர் இருக்கிறது. தம் கல்லறைக்கு மேல் கல் வைக்க வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால், அங்கே பறவைகள் தண்ணீர் குடிக்கும் தொட்டி ஒன்று நிற்கிறது. தேரிக்காட்டுப் பக்கம் போனால் உயர்ந்த கோபுரத்தோடு மெஞ்ஞானபுரம் ஆலயம். உங்கள் மகனுக்கு இவற்றில் நிறையக் கேட்கத் தோன்றும். சொல்வதற்குத் தகப்பன் இருப்பார். கிராமத்து ஆலயங்களில் ஆராதனை நேரம் இடத்துக்கு இடம் மாறும் என்பதால் முந்தின நாளே விசாரித்துக்கொள்ளுங்கள்.

சபையில் அடிபட்ட ஒருவருக்கு, தன்னை யாருக்கும் தெரியாத ஓர் ஆலயத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, தெரிந்த ஞானப்பாட்டைப் பாடிவிட்டு எழுந்து வருவது எவ்வளவு ஆறுதல் என்பதை அனுபவித்தவர்களே அறிவார்கள். அங்கே அவர் எந்த அணியும் இல்லை. யாரும் அவரிடம் கணக்குக் கேட்கமாட்டார்கள். சொந்தச் சபைக்குத் திரும்புவதற்கு முன் பலருக்கு இப்படி ஒரு படி தேவைப்படுகிறது. அவருக்கும் தேவைப்படுமானால், அவர் விரும்பும் பயணமே அந்தப் படியாக இருக்கட்டும். இதை அவரிடம் ஒரு திட்டம் போல விவரிக்க வேண்டாம். "அடுத்த தடவை குற்றாலம் போறப்போ, ஞாயித்துக்கிழமை இடையன்குடி கோயிலுக்குப் போயிட்டு வருவோமா?" என்று கேட்டுவிட்டு, அவர் வேண்டாமென்றால் விட்டுவிடுங்கள்.

அத்தையின் காரியத்தை ஒத்திப்போட முடியாது. 71 வயதில், நிறைந்த வாளியோடு மாடிப்படி ஏறுவதை இந்த வாரமே நிறுத்த வேண்டும். அந்த வயதில் ஒரு வழுக்கல் இடுப்பு எலும்பை முறித்துவிடும். அதன் பின் மாதக்கணக்கில் படுக்கை, மறுபடியும் பழையபடி நடப்பார்களா என்ற கவலை. வேண்டாம் என்று சொல்லிப் பயனில்லை என்கிறீர்கள். மகனும் மருமகளும் இல்லாத வீட்டில் செடி வாடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க அவருக்கு மனம் வராது. ஆகவே ஊற்றும் தேவையே இல்லாதபடி ஏற்பாடு செய்வதுதான் தீர்வு. அதோடு, நீங்கள் ஊரில் இல்லாத ஞாயிறுகளில் அவரை ஆலயத்திற்கு அழைத்துப் போவது யார்? கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றுமில்லை. சபையில் யாராவது ஒருவர் வண்டியில் அழைத்துப்போய்க் கொண்டுவந்து விடும்படி ஏற்பாடு செய்யுங்கள். அவர் வர விரும்புகிற பயணங்களுக்கு அவரையும் கூட்டிப்போங்கள்; மலைக்கு வரமாட்டார் என்று நாமாக முடிவு கட்ட வேண்டாம், கேட்டுப் பாருங்கள்.

தோட்டத்திற்கு வருகிறேன். மாடித்தோட்டம் வைத்திருப்பவள் என்ற முறையில் இதில் எனக்கும் சில அனுபவங்கள் உண்டு. இரண்டு நாள் தண்ணீரில்லாமல் பைச்செடிகள் துவளுவதற்கு முதல் காரணம் மேல்மண் வெயிலில் காய்வதுதான். காய்ந்த இலை, தேங்காய் நார், வைக்கோல் எது கிடைத்தாலும் தண்டைத் தொடாமல் இரண்டு மூன்று அங்குலத்திற்கு மூடாக்கு போடுங்கள். பங்குனி, சித்திரை, வைகாசியில் ஐம்பது சதவீத நிழல்வலை இல்லாமல் மதுரை வெயிலில் தக்காளி தாங்காது. புறப்படும் நாளில் பைகளின் அடித்துளையில் வடியும் வரை தண்ணீர் விட்டு, தனித்தனியாக இருக்கும் பைகளைச் சுவரோர நிழலில் நெருக்கி வையுங்கள். சிறிய தொட்டிகளுக்கு, ஒரு வாளித் தண்ணீரிலிருந்து பருத்தித் துணித் திரியை மண்ணுக்குள் செருகிவைத்தாலே ஈரம் ஏறிக்கொண்டிருக்கும். அடித்தட்டுகளிலும் வாளிகளிலும் நின்ற தண்ணீரைத் திங்கட்கிழமை மறக்காமல் கொட்டிவிடுங்கள், டெங்கு கொசு வளர இடம் கொடுக்கக் கூடாது.

நாற்பது பைகளுக்கும் நிரந்தர ஏற்பாடு சொட்டுநீர்தான். மேல்நிலைத் தொட்டியிலிருந்து ஒரு சிறிய வடிகட்டி, ஒரு டைமர், நீண்ட குழாய், பைக்கு ஒரு சொட்டுவாய் என்று வைத்துக்கொண்டால் போதும். டைமர் வாங்கும்போது குறைந்த அழுத்தத்திலும் வேலை செய்கிற பந்து வால்வு வகையாகக் கேட்டு வாங்குங்கள். வீட்டுத் தொட்டியின் உயரத்தில் கிடைக்கும் அழுத்தத்திற்கு மற்ற வகைகள் சரியாகத் திறந்து மூடுவதில்லை. ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீர் சொட்டுவாய்களை அடைத்துக்கொள்ளும் என்பதால் அவ்வப்போது கழற்றிக் கழுவ வேண்டும். ஊருக்குப் போவதற்கு ஒரு வாரம் முன்பே ஓடவிட்டு, எந்தப் பைக்கு அதிகம், எந்தப் பைக்குக் குறைவு என்று பார்த்துச் சரிசெய்துவிடுங்கள்.

வெண்டையைப் பொறுத்தவரை, ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறித்தாக வேண்டிய செடி அது. வெள்ளி மாலையில் விரல் நீளம் இருந்த காய், திங்கள் காலையில் முனையை ஒடித்தால் ஒடியாமல் நாராக வளையும். முற்றிய காயைச் செடியிலேயே விட்டால் அடுத்த பிஞ்சுகளும் குறையும். ஆகவே புறப்படும் மாலையில் பிஞ்சென்று பார்க்காமல் பறித்துவிடுங்கள். அல்லது வெண்டைப் பைகளைக் குறைத்துக் கத்தரி, மிளகாய், சேனை, மஞ்சள், கறிவேப்பிலை, பிரண்டை என்று இரண்டு நாள் பொறுத்திருக்கக் கூடியவற்றைக் கூட்டுங்கள். கீரை விதையைப் பயணத்திற்கு முந்தின நாள் தூவாதீர்கள். பக்கத்து வீட்டில் நம்பிக்கையானவர்கள் இருந்தால், சனி, ஞாயிறு காய்ப்பதெல்லாம் அவர்களுக்கே என்று சொல்லிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகலாம். உங்கள் அத்தைக்கும் துணையாக ஒருவர் வந்து போனதாக இருக்கும்.

"உனக்குச் செடிதான் பெரிது" என்று அவர் சொன்னதை ஒரு குற்றச்சாட்டாக மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆலயத்தில் தன் இடத்தை இழந்த ஒருவர், வீட்டிலும் உங்கள் மனத்தில் தன் இடம் எது என்று தேடுகிறார் போலிருக்கிறது. அந்தத் தோட்டம் இப்போது முழுக்க முழுக்க உங்களுடையது. சொட்டுநீர்க் குழாய் அமைக்கும் வேலையை அவரிடம் கேளுங்கள், பிறகு அவர் அமைக்கும் விதத்தில் குறுக்கிடாதீர்கள். ஒன்றிரண்டு பைகளில் பூசணியோ சுரையோ ஏற்றிவிட்டு, பந்தல் போடவும் அவரையே கேட்கலாம். அறுப்பின் பண்டிகைக்கு அதில் முதற்பலனைக் கொடுக்க நினைத்தால், கொடுங்கள். அவர்தான் ஏலம் விட வேண்டும் என்று தூண்டில் போடாதீர்கள். நீங்கள் எதற்காகச் செய்கிறீர்கள் என்பதை அவர் உடனே புரிந்துகொள்வார், மனம் இன்னும் மூடிக்கொள்ளும்.

செலவுக்கு நெடிய பேச்சு தேவையில்லை. பயணத்திற்கு மாதம் இவ்வளவு என்று இருவரும் ஒரு தொகையை ஒதுக்கி, கணக்கை அவரிடமே விட்டுவிடுங்கள். அவர் தொழிலே அதுதான்.

இன்னொன்றையும் கவனித்துவர வேண்டும். அவருக்குத் தூக்கம் குறைந்திருக்கிறதா, சாப்பாட்டில் நாட்டம் போயிருக்கிறதா, முன்பு ரசித்த எதிலும் ஈடுபாடு இல்லையா, குடிப்பழக்கம் ஏதேனும் தொடங்கியிருக்கிறதா, பயணம் தள்ளிப்போகும் வாரங்களில் எரிச்சல் மிகுகிறதா? இவற்றில் சில சேர்ந்து வாரக்கணக்கில் நீடித்தால் மனநல மருத்துவரைப் பார்ப்பதில் தயக்கம் வேண்டாம். டெலி-மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-இல் தமிழிலும் பேசலாம். முதலில் நீங்களே பேசி விவரம் கேட்டுக்கொள்ளலாம். இருவரும் சேர்ந்து ஓர் ஆலோசகரைச் சந்திக்க விரும்பினால், உங்கள் சபையோடு தொடர்பில்லாத ஒருவராகத் தேர்ந்தெடுங்கள்.

கடைசியாக, பிள்ளைகளோடு நீங்கள் மட்டும் ஆலயத்திற்குப் போய்விடலாமா என்ற கேள்வி. நிரந்தர ஏற்பாடாக இப்போது அதைச் செய்ய வேண்டாம் என்பதே என் கருத்து. இன்றைய நிலையில் அது, ஆலயம் அம்மாவுடையது, வெளியுலகம் அப்பாவுடையது என்று பிள்ளைகளின் மனத்தில் கோடு கிழித்துவிடும். தன்னைத் தள்ளிய இடத்தோடு மனைவியும் சேர்ந்துகொண்டாள் என்று உங்கள் கணவரும் எண்ணக்கூடும். உங்களுக்குப் பாடம் நடத்தும் முறை வருகிற ஞாயிறுகள் மட்டும் விதிவிலக்கு. அது நீங்கள் ஏற்றுக்கொண்ட பொறுப்பு. மாதத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டு அன்று ஊரில் இருங்கள், அவர் போக விரும்பினால் சிரித்த முகத்தோடு அனுப்பி வையுங்கள்.

நான்கைந்து மாதங்கள் பொறுமையாக இப்படி முயன்றும் வெள்ளி இரவு அறிவிப்புகள் அப்படியே தொடருமானால், நீங்கள் ஆலயத்திற்குப் போவதில் தவறில்லை. அப்போதும் முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள், அத்தையையும் அழைத்துப் போங்கள், பிள்ளைகளை எந்தப் பக்கம் என்று தேர்ந்தெடுக்க வைக்காதீர்கள். சபையின் முழு உறுப்பினராவதற்கு ஆயத்தப்படுத்தும் திடப்படுத்தல் வகுப்பில் சேரும் வயது உங்கள் மகனுக்கு நெருங்குகிறது. அந்த வகுப்பு தொடங்கினால் சில மாதங்களுக்கு ஞாயிறுகளில் அவன் ஊரில் இருந்தாக வேண்டும். வகுப்பு எப்போது, எத்தனை வாரம் என்பதை நீங்கள் விசாரித்துவந்து அறிவிப்பதைவிட, அவனைச் சேர்ப்பது பற்றி முதலில் தகப்பனிடம் கலந்துகொள்ளுங்கள். போதகரிடம் போய்ப் பேசுவதா, தொலைபேசியில் கேட்பதா, இந்த ஆண்டா அடுத்த ஆண்டா என்பதையெல்லாம் அவரே தீர்மானிக்கட்டும்.

அன்புடன்,
குடும்ப நல ஆலோசகர்